பிளக் என்று வாங்கினேன், வாய்ப்புகையிலை வந்தது

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பைப்பில் புகையிலை பிடிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரில் யாருக்காவது வாட்ஸ்அப்பில் 'சிங்கப்பூர் சரக்கு, அழுத்தின புகையிலை' என்று படம் வந்திருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 7,400 ரூபாய் போய்விட்டது.

ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. நல்ல பழக்கம் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் இதற்கென்றே தனி வசவு உண்டு. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் உதிரியாக நறுக்கிய தூள்தான் பிடித்து வந்தேன். அழுத்திய வகைகளைப் படித்துத் தெரிந்து வைத்திருந்தேனே தவிர, கையால் தொட்டதில்லை. ஏமாந்ததும் அந்த இடத்தில்தான்.

படம் அனுப்பிய ஆளிடம் அழுத்தின புகையிலையில் மூன்று வகை கேட்டேன்: ஒரு டப்பா ஃபிளேக், ஒரு பிளக், கொஞ்சம் காயின். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் வைத்து, மாம்பழக்கூழ் அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டுக் கொடுத்தார். பில் கேட்டேன். "இதுக்கெல்லாம் யாரு சார் பில் போடுவாங்க" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் தப்பு.

முதலில் ஃபிளேக். புகையிலையைச் சூடும் பாரமும் கொடுத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை மெல்லிய பட்டைகளாகச் சீவினால் ஃபிளேக். சீவாமல் கட்டியாகவே விற்றால் பிளக். கத்தியால் நாமே அறுத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஃபிளேக் பட்டையைப் பக்கவாட்டில் பார்த்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருப்பது கோடு கோடாகத் தெரியும். ஈரப்பதம் சரியாக இருந்தால் மடித்தாலும் ஒடியாது. அப்படியே மடித்து உருட்டிப் பைப்புக்குள் திணிக்கிறவர்களும் உண்டு. எனக்கு வந்தது எடுத்த எடுப்பிலேயே உதிர்ந்தது. உள்ளே கோடே இல்லை, சேமியா மாதிரி நறுக்கல் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. நறுக்கின தூளை மறுபடி அழுத்திச் செய்வதும் ஒரு வகைதான், கிரம்பிள் கேக் என்பார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதை ஃபிளேக் என்று விற்கக் கூடாது. அதுவும் இது வீட்டு அச்சில் கையால் அமுக்கியது மாதிரி ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு.

டப்பாவைத் திறந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காற்றெடுத்து அடைத்த டப்பாவாக இருந்தால் மூடியை நெம்பும்போது 'உஸ்' என்று காற்று இழுக்கும். இது ஊறுகாய் டப்பா போலச் சத்தமில்லாமல் வந்தது. மூடியில் நம் ஊர் எச்சரிக்கைப் படமும் கிடையாது. 2016-இலிருந்து இங்கே விற்கும் புகையிலைப் பொருளின் முகப்பில் 85 சதவீத இடத்தை அந்தப் படம் அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முறையாக வந்த சரக்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

மேலே அங்கங்கே வெள்ளையாக இருந்தது. போன் போட்டுக் கேட்டேன். "சார், அது வயசான வர்ஜீனியா. சர்க்கரை பூத்திருக்கு" என்றார். வர்ஜீனியா என்பது ஒரு புகையிலை ரகம், அது பழசானால் படிகம் படிவது உண்மைதான். ஆனால் டார்ச் அடித்தால் படிகம் மினுக்கும். இது மினுக்கவில்லை, பஞ்சு மாதிரி நின்றது, மழைக்கால மூட்டை வாசம் அடித்தது. பூஞ்சை. அப்படியே குப்பையில் கொட்டினேன்.

பிளக் கதைதான் உச்சம். கருப்பாக, கையில் ஒட்டுகிற கட்டி. அறுத்தால் நடுவில் ஈர்க்குச்சி கனத்தில் நரம்பு. சரி, காட்டமான வகையாக இருக்கும் என்று கொஞ்சம் சீவி உலர்த்திப் பற்றவைத்தேன். பற்றவே மாட்டேன் என்றது. பற்றியதும் பைப்புக்குள் களகளவென்று தண்ணீர்ச் சத்தம், நாக்கில் எரிச்சல். ஐந்து நிமிடத்தில் விக்கல், வியர்வை. திண்ணையில் சாய்ந்துவிட்டேன்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமா வெற்றிலை போடுகிறவர். கட்டியை எடுத்து மோந்து, ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் அதக்கினார். "மாப்ள, இது நம்ம போயிலை. வெல்லப்பாகு தெளிச்சு அமுக்கியிருக்கான். போச்சம்பள்ளி சந்தையில இந்தக் காசுக்கு ஒரு மூட்டையே தூக்கிட்டு வரலாமே."

காயினும் அதே லட்சணம். முழு இலைகளைக் கயிறாக முறுக்கி, அதைக் குறுக்கே சீவினால் வருவதுதான் காயின். இங்கிலாந்தில் கெண்டல் ஊர் இந்தக் கயிற்றுப் புகையிலைக்குப் பேர்போனது. குறுக்கே வெட்டியதால் ஒவ்வொரு வில்லையிலும் நத்தை ஓடு போலச் சுருள் தெரியும். எனக்கு வந்த வில்லைகளில் நேர்க்கோடுதான். ஓரத்தைச் சுற்றிலும் நெளிவு வேறு. சோடா மூடியை எடுத்து ஒரு வில்லைமேல் வைத்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது.

மறுபடி போன் செய்தால், "சார், நீங்க பழகல, அதான்" என்றார். மூன்றாவது அழைப்பில் பிளாக் செய்துவிட்டார். 1915-க்கு, அதான் நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அடிக்கச் சொன்னாள் மகள். கையில் பில் இல்லை, ஜிபேயில் 'டீ செலவு' என்று நானே எழுதியிருக்கிறேன். அவர் அப்படித்தான் எழுதச் சொன்னார்.

மீதிப் பிளக் மாமாவின் வெற்றிலைப் பெட்டிக்குப் போய்விட்டது. நேற்று நண்பர் போனில் அந்த ஆளின் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். 'ரேர் காயின், ரெண்டே டப்பா.' படத்தைப் பெரிதாக்கினேன். சுருள் இல்லை.