மாத்திரையா, பேச்சா? மனச்சோர்வு, பதற்றம், மனவடு: மூன்றுக்கும் விடை ஒன்றல்ல

மனநோய்க்கு மாத்திரை நல்லதா, கவுன்சலிங் நல்லதா? நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்தால் உடனே இரண்டு கட்சிகள் பிறந்துவிடும். "மாத்திரை போட ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் விடாது" என்பார் பெரியப்பா. "பேசினா சரியாகுற வியாதியா இது?" என்பார் அத்தை. இருவருமே நோயின் பெயரைக் கேட்காமல் தீர்ப்பு சொல்கிறார்கள். டைபாய்டா டெங்குவா என்று பார்க்காமல் காய்ச்சலுக்கு மருந்து எழுதுவது போன்றது இது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வில் மாத்திரையும் பேச்சும் கிட்டத்தட்டச் சமமாக ஓடுகின்றன. சிகிச்சை முடிந்த பிறகுதான் இடைவெளி விழுகிறது. பதற்றத்தில் பேச்சு சற்று முந்துகிறது. மனவடுவில், அதாவது கொடிய அனுபவம் மனதில் விட்டுச்சென்ற காயத்தில், தெளிவாகவே முந்துகிறது. அதீத உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறில் (பைபோலார்) மட்டும் பேச்சை மட்டுமே நம்புவது ஆபத்து. நம் ஊரில் பலருக்கும் முதலில் கிடைக்கும், உடனடி அமைதி தரும் அல்பிரசோலம் வகை மாத்திரையோ, இந்த நான்கிலும் கடைசியில்தான் நிற்கிறது.

மனச்சோர்வு

2005-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்த ஒப்பீட்டுக்கு நல்ல தொடக்கம். நடுத்தரம் முதல் கடுமை வரையிலான மனச்சோர்வு கொண்ட 240 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்குப் பராக்ஸெடின் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை, மூன்றாம் பிரிவுக்கு முதல் எட்டு வாரம் வெற்று மாத்திரை. 16 வாரம் கழித்துப் பார்த்தபோது மருந்துப் பிரிவிலும் பேச்சுப் பிரிவிலும் 58 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். முடிவு சமம்.

அடுத்த ஓராண்டில்தான் கதை மாறியது. தேறியபின் மருந்தை நிறுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து மருந்து சாப்பிட்டவர்களில் அது 47 சதவீதம். சிபிடி முடித்து, அதன்பின் அதிகபட்சம் மூன்று முறை மட்டும் வந்து போனவர்களில் 31 சதவீதம். மருந்து வேலை செய்வது நீங்கள் அதைச் சாப்பிடும் வரை. பேச்சில் கற்றது, சிகிச்சை முடிந்த பின்னும் கூடவே வருகிறது.

பேச்சு என்று இங்கே சொல்வது அறிவுரையை அல்ல. "தைரியமா இரு, உனக்கென்ன குறைச்சல்" என்பது சிகிச்சையே இல்லை. சிபிடியில் நோட்டுப் புத்தகம் உண்டு, வீட்டுப்பாடம் உண்டு. "என்னால் யாருக்கும் பிரயோஜனமில்லை" என்ற எண்ணம் எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதற்கு ஆதாரம் என்ன என்று எழுதிப் பார்க்க வேண்டும். படுக்கையை விட்டு எழவே மனமில்லாத நாளில்கூட ஒரு சின்ன வேலையைத் திட்டமிட்டுச் செய்து, செய்தபின் மனநிலையைக் குறித்து வைக்க வேண்டும். உழைப்பு கேட்கும் சிகிச்சை இது. மிகக் கடுமையான சோர்வில் இருப்பவரால் அந்த உழைப்பைக் கொடுக்க முடியாது; அங்கே மருந்துதான் முதலில் கை கொடுக்கும். சாப்பாடு தண்ணீர் இறங்காத நிலை, உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டம், இல்லாத குரல் கேட்பது என்று வந்துவிட்டால் எந்த ஒப்பீடும் வேண்டாம். அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

மருந்தின் பெரிய பலம் அது கிடைக்கும் எளிமை. ஃபுளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்றவை விலை குறைவு; அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரைக்குப் பணமே கட்ட வேண்டாம். பலவீனம், அது தொடங்கும் விதம். குமட்டல், தலைசுற்றல், படபடப்பு முதல் வாரத்திலேயே வரலாம். நன்மை தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிட்டு "எனக்கு ஒத்துக்கல" என்கிறார்கள். தாம்பத்திய ஆர்வம் குறைவது இன்னொரு பக்கவிளைவு. மருத்துவரும் கேட்பதில்லை, நோயாளியும் வெட்கத்தில் சொல்வதில்லை, மாத்திரை மட்டும் ஒரு நாள் நின்றுபோகிறது. அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். வாயைத் திறந்து கேட்டால் வழி இருக்கிறது. தேறியபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். மருந்துக் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிட அமெரிக்க அரசு உத்தரவிட்டிருக்கிறது.

மனச்சோர்வு என்று மருந்து எழுதும் முன் ஒரு கேள்வி கேட்கப்பட்டே ஆக வேண்டும்: "தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் தெரியாமல், பணத்தை வாரி இறைத்து, அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு சில நாட்கள் எப்போதாவது இருந்ததுண்டா?" உண்டு என்றால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். சோர்வு நீக்கும் மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அங்கே வெறி நிலை கிளம்பக்கூடும். வெறி நிலையைத் தணிக்கும் என்று 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் கண்டறிந்த லித்தியம் இன்றும் இந்த நோய்க்கு முதன்மை மருந்துகளில் ஒன்று. ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துக்கொண்டே கொடுக்க வேண்டும். பேச்சு சிகிச்சை இதில் துணைக்கு மட்டும்.

பதற்றம்

பேனிக் அட்டாக் வந்தவரை எடுத்துக்கொள்வோம். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப் போகிறது, உயிர் போகப்போகிறது என்று தோன்றுகிறது. நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். ஈசிஜி சரியாக இருக்கிறது. "கேஸ் தொல்லை, ஒண்ணுமில்ல" என்று ஓர் ஊசி, கையில் ஒரு பட்டை அல்பிரசோலம்.

அந்த மாத்திரை அரை மணி நேரத்தில் அமைதியைத் தரும். வேறு எந்தச் சிகிச்சையும் அவ்வளவு வேகமில்லை, அதனால்தான் அது வெல்கிறது. ஆனால் சில வாரங்களில் உடல் அதற்குப் பழகுகிறது, அளவு கூடுகிறது, ஒரு வேளை தவறினால் பழைய பதற்றம் இரட்டிப்பாக வருகிறது. அதைவிட ஆழமான கேடு ஒன்று உண்டு. "மாத்திரை போட்டதால்தான் பிழைத்தேன்" என்று மனம் கற்றுக்கொள்கிறது. படபடப்பு தானாகவே அடங்கும் என்பதை அறியும் வாய்ப்பே அவருக்குக் கிடைப்பதில்லை.

பேச்சு சிகிச்சை தலைகீழாகப் போகிறது. சிகிச்சையாளர் உங்களை வேகமாக மூச்சுவிடச் சொல்வார், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வார். நெஞ்சு படபடக்கும். "இப்போது ஹார்ட் அட்டாக் வந்ததா?" வரவில்லை. மறுநாளும் செய்ய வேண்டும். பிறகு பேருந்தில் தனியாகப் பயணம், கூட்டமான கடைத்தெரு. பயத்துக்குள்ளேயே நின்று அது வடிவதைக் காண்பதுதான் மருந்து.

இந்த இரண்டையும் லண்டனிலும் டொராண்டோவிலும் நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1993-இல் வெளியான அந்த ஆய்வில் வெளியே செல்லவே அஞ்சும் பேனிக் நோயாளிகள் 154 பேர். பயத்தை நேரடியாகச் சந்திக்கும் பயிற்சியின் பலன் அல்பிரசோலத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு. மாத்திரையை நிறுத்தியதும் அதனால் வந்த முன்னேற்றம் போய்விட்டது. பயிற்சியால் வந்தது நின்றது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, மாத்திரையை நிறுத்தியபின், பயிற்சியின் பலனும் குறைந்தது. இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று நாம் எளிதாக நம்புகிறோமே, அது இங்கே எடுபடவில்லை.

பயிற்சி கிடைக்காத ஊரில் இருப்பவருக்கு மனச்சோர்வுக்குத் தரும் அதே ஃபுளுவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் வகை (எஸ்எஸ்ஆர்ஐ) மாத்திரைகள் பதற்றத்துக்கும் நல்ல தேர்வுதான். மெதுவாக வேலை செய்யும், அடிமைப்படுத்தாது. அல்பிரசோலம் இந்தியாவில் 2014 முதல் ஹெச்1 என்ற கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மருந்துக்கடை தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். அப்படியிருந்தும் பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிடக் கூடாது. திடீர் நிறுத்தம் வலிப்பு வரை கொண்டுபோகும். மருத்துவர் துணையோடு சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

மனவடு

போர், சுனாமி, விபத்து, பாலியல் வன்முறை. நடந்து முடிந்த ஒன்று முடியாமல் திரும்பத் திரும்ப வருகிறது: கனவில், ஒரு வாசனையில், பட்டாசுச் சத்தத்தில். அந்த இடத்தைத் தவிர்க்கிறார்கள், அந்தப் பேச்சைத் தவிர்க்கிறார்கள், தூக்கத்தில்கூட உடல் காவல் காக்கிறது. இது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையை முடக்கினால்தான் பிடிஎஸ்டி என்று பெயர். முதல் சில வாரங்களின் கலக்கம் நோயல்ல. பெரும்பாலானோர் உறவும் ஊரும் தாங்கத் தாமே மீள்கிறார்கள்.

அதனால்தான் பேரிடர் நடந்த சில நாட்களிலேயே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "நடந்ததைச் சொல்லுங்கள்" என்று ஒரே அமர்வில் கறந்துவிடும் முறையை நான் ஏற்க மாட்டேன். ஆய்வுகள் அதில் பலன் காணவில்லை. சிலருக்கு நிலைமை மோசமானதையும் கண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் வேண்டியது பாதுகாப்பு, சாப்பாடு, தொலைந்த உறவைத் தேடித் தருவது, இறந்தவருக்கு முறையாகச் சடங்கு செய்ய வழி. உடல்கூடக் கிடைக்காமல் ஒப்பாரி பாதியில் நின்றுபோன வீடுகள் நாகப்பட்டினத்திலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ.

நோயாக நிலைத்துவிட்டவர்களுக்கு என்ன செய்வது? உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு மூன்றைப் பரிந்துரைக்கிறது: மனவடுவை மையமாகக் கொண்ட சிபிடி, கண்ணசைவோடு நினைவைக் கையாளும் இஎம்டிஆர், மன அழுத்தத்தைக் கையாளும் பயிற்சி. எஸ்எஸ்ஆர்ஐ மருந்துகள் இவை பலனளிக்காதபோதும், கிடைக்காதபோதும், கூடவே நடுத்தரம் முதல் கடுமை வரையிலான மனச்சோர்வு இருக்கும்போதும். அல்பிரசோலம் வகை மருந்துகளைக் கொடுக்கவே வேண்டாம் என்பது, நிகழ்வுக்குப் பின் முதல் மாதத்தைக் குறித்து அதே வழிகாட்டுதல் சொல்வது.

இஎம்டிஆரை 1980களின் இறுதியில் ஃபிரான்சின் ஷப்பிரோ உருவாக்கினார். நினைவை மனதில் நிறுத்தியபடி சிகிச்சையாளரின் விரலைக் கண்ணால் பின்தொடர வேண்டும். கண்ணசைவுதான் குணமாக்குகிறதா, நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் தொடுவதா என்ற சர்ச்சை இன்னும் ஓயவில்லை. விவரமாக வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்களுக்கு, குறிப்பாகப் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, இது இலகு என்பதே எனக்கு அதன் பெரிய நன்மையாகப் படுகிறது.

நம் நிலத்துக்கு மிக நெருங்கியது இன்னொரு முறை: ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கதையாடல் சிகிச்சை. தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைக்கிறார்கள். அதுதான் உங்கள் வாழ்க்கை. நல்ல நிகழ்வுகளுக்குப் பூ, துயரங்களுக்குக் கல். பிறப்பிலிருந்து தொடங்கிக் கதை சொல்லிக்கொண்டே வந்து ஒவ்வொரு கல்லிடமும் நிற்க வேண்டும்: என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், உடம்பு என்ன செய்தது. சிதறிக் கிடந்த நினைவு, தேதியும் இடமும் உள்ள கதையாகிறது.

உகாண்டாவின் அகதி முகாமில் இருந்த 43 சூடான் அகதிகளிடம் இந்த முறையைப் பொதுவான ஆறுதல் கவுன்சலிங்கோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டுக்குப் பின் கதையாடல் பிரிவில் 29 சதவீதம் பேருக்கு மட்டுமே பிடிஎஸ்டி எஞ்சியிருந்தது. கவுன்சலிங் பிரிவில் 79 சதவீதம். முகாம் வாழ்க்கையில் எந்த மாற்றமும் வராமலேயே இந்த வேறுபாடு. மனவடுவுக்கு "கவுன்சலிங் போனேன், பிரயோஜனமில்லை" என்பவர்களை நான் நம்புகிறேன். அவர்களுக்கு ஆறுதல் கிடைத்தது, சிகிச்சை கிடைக்கவில்லை.

சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில், போரையும் கடலையும் சேர்த்தே அனுபவித்த 31 பிள்ளைகளிடம் நடந்த ஒப்பீடு வேறு விதமாக முடிந்தது. ஒரு பிரிவுக்கு ஆறு அமர்வு கதையாடல், மறு பிரிவுக்கு ஆறு அமர்வு தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் 81 சதவீதம், இரண்டாம் பிரிவில் 71 சதவீதம் பிள்ளைகள் மீண்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, ஒப்பிட மூன்றாம் பிரிவும் இல்லை. தானாக மீண்டவர்களும் அதில் கலந்திருக்கலாம். ஆனாலும் எனக்கு இது உற்சாகம் தருகிறது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தது இதோடு ஒத்துப்போகிறது: மந்திர உச்சாடனம், ஜெபம், சாந்தி ஆசனம் என மக்கள் ஏற்கெனவே அறிந்த வழிகளையும் சிகிச்சையில் சேர்க்க வேண்டும் என்பவர் அவர். கதையைச் சொல்ல இன்னும் பலம் வராத பிள்ளைக்கு மூச்சிலிருந்து தொடங்கலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அடிக்கும் கணவன் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போது அந்தப் பெண்ணிடம் பழைய நினைவைக் கிளறக் கூடாது. முதலில் அவள் பாதுகாப்பு.

எங்கே கிடைக்கும்?

பேச்சு முந்துகிறது என்று எழுதுவது எளிது, ஆள் எங்கே? பெருநகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, ஆய்வு நடந்த மாநிலங்களில் கேரளம் தவிர மற்றவற்றில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இருக்கவில்லை. ஆனால் கோவாவில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேல் குழுவினர் ஒரு வழியைக் காட்டினார்கள். மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தந்து, கடுமையான மனச்சோர்வு கொண்டவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். அந்த அமர்வுகள் இல்லாத பிரிவில் 39 சதவீதம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இப்படி ஒருவரை அமர்த்த முடியும் என்றே நான் நினைக்கிறேன்.

அதுவரை, இந்தியாவில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம், இலங்கையில் 1926. கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளும் நிலை இருப்பதால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. மனவடுவுக்காகப் போகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், எத்தனை அமர்வு, நடந்ததைப் பற்றி எப்போது பேசத் தொடங்குவோம்?" முறையின் பெயரையும் தோராயமான கணக்கையும் சொல்பவரிடம் அமருங்கள். "நீங்க வாங்க, பேசுவோம், போகப்போகப் பாக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.