வல்லாரையா, நீர்ப்பிரம்மியா?

இரண்டையும் 'பிரம்மி' என்றே சொல்வதால் குழப்பம் தீர்வதில்லை. ஈரத் தரையில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடுவது இரண்டுக்கும் பொது. உறவு என்று பார்த்தால் வெகு தூரம்.

வல்லாரை கொத்தமல்லியின் குடும்பம். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ஹைட்ரோகோட்டைல் பேரினத்தில் வைத்தார். 1879இல் அர்பன் என்ற தாவரவியலாளர் அதன் பெயரை 'சென்டெல்லா ஏசியாட்டிகா' என்று மாற்றினார். நீர்ப்பிரம்மி, பகோபா மொன்னியேரி, இன்று பிளான்டாஜினேசியே குடும்பத்தில் இருக்கிறது.

இலையைக் கையில் எடுங்கள், அதுவே போதும். வல்லாரைக்கு நீண்ட காம்பு. அதன் நுனியில் சிறுநீரக வடிவ இலை, விளிம்பெல்லாம் வட்டப் பற்கள். காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் விசிறிபோல் விரியும். நீர்ப்பிரம்மியின் இலை சிறியது, சதைப்பற்றானது. காம்பே இல்லாமல் தண்டில் எதிரெதிராக ஒட்டியிருக்கும். விரலால் அழுத்தினால் நீர் கசியும்.

பூவும் அப்படித்தான். நீர்ப்பிரம்மியில் இலைக்கக்கத்தில் வெளிர்நீலமாகவோ வெள்ளையாகவோ ஒற்றைப் பூ, பார்த்தவுடன் தெரியும். வல்லாரையின் பூக்கொத்தோ தரையோடு ஒளிந்திருக்கும். குனிந்து இலையை விலக்கித்தான் தேட வேண்டும். எனக்கு அந்தத் தேடலே பிடிக்கும்.

மருந்துக்காகப் பறிப்பவர்கள் 'பிரம்மி' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். வல்லாரையில் இருப்பது ஏசியாட்டிகோசைடு என்ற வேதிப்பொருள், நீர்ப்பிரம்மியில் இருப்பது பகோசைடு. ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது.