கடைசி டேப் சோதனை: குரோம், விவால்டி, ஃபயர்ஃபாக்ஸ்

ஓர் உலாவி எவ்வளவு தூரம் நம் சொல் கேட்கும் என்று பார்க்க நான் செய்யும் சோதனை மிகச் சிறியது. திறந்திருக்கும் டேப்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து கடைசி டேப்பையும் மூடுவேன். ஜன்னலே போய்விடுகிறதா, வெற்று டேப்புடன் காத்திருக்கிறதா? எனக்குக் காத்திருக்க வேண்டும்.

குரோமில் போய்விடும். அமைப்புகளில் இதை மாற்ற வழியில்லை; ஏதாவது ஒரு நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டு ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். விவால்டியில் அமைப்புகளின் டேப் பகுதியிலேயே இதற்கென ஒரு கட்டம் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் தேடினால் கிடைக்காது. ஆனால் முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்து, எச்சரிக்கையைத் தாண்டிப் போய், 'லாஸ்ட்டேப்' என்று தேடினால் அதற்கான பதிவு வந்து நிற்கும். 'ட்ரூ' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் வேலை முடிந்தது.

குரோமிலும் 'ஃபிளாக்ஸ்' என்ற மறைவான பக்கம் உண்டே என்பார்கள். அது வேறு சரக்கு. அங்கே இருப்பவை பொறியாளர்கள் வெள்ளோட்டம் விட்டிருப்பவை. பெரும்பாலானவற்றுக்கு எந்தப் பதிப்போடு காலாவதி என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். நமக்குப் பிடித்துப்போனது நான்கு பதிப்பு கழித்துக் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. இரவல் நகை மாதிரி.

நீட்சிகளில்தான் இடைவெளி பெரிது. ரேமண்ட் ஹில் எழுதிய 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி, பக்கத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் வாசலிலேயே நிறுத்தி, விடலாமா வேண்டாமா என்று தானே முடிவு செய்யும். நீட்சிகளுக்கென்று குரோம் கொண்டுவந்த 'மேனிஃபெஸ்ட் வி3' என்ற புதிய விதிகளில் அந்த அதிகாரம் இல்லை: தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை நீட்சி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், வாசலில் நிற்பது உலாவிதான். அதனால் 2025க்குள் பழைய யூபிளாக் குரோமில் முடக்கப்பட்டு, 'லைட்' வடிவம் மட்டும் மிஞ்சியது. சாதாரண விளம்பரங்களுக்கு லைட் போதும். தளத்துக்குத் தளம் நுணுக்கமாக விதி எழுதிப் பழகியவருக்குப் போதாது. ஃபயர்ஃபாக்ஸில் பழையது அப்படியே ஓடுகிறது. விவால்டியும் குரோமின் அதே அடித்தளமான குரோமியத்தில் நிற்பதால் இந்த மாற்றத்துக்குத் தப்பவில்லை; அதன் உள்ளேயே இருக்கும் விளம்பரத் தடுப்பான் மட்டும் நீட்சி விதிகளுக்கு வெளியே நிற்கிறது.

ஃபயர்ஃபாக்ஸும் யோக்கியம் அல்ல. 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பு வந்தபோது, உலாவியின் எந்த மூலையையும் மாற்றக்கூடிய பழைய நீட்சிகள் மொத்தமாகச் செயலிழந்தன. வேகம், பாதுகாப்பு என்று காரணங்கள் இருந்தன, நியாயமானவைதான். ஆனாலும் ஒரு கதவைத் திறந்தே விட்டார்கள்: உலாவியின் தோற்றத்தை நாமே மாற்றி எழுத உதவும் 'யூசர்குரோம்' என்ற சிஎஸ்எஸ் கோப்பு.

நான் டேப்களை 'ட்ரீ ஸ்டைல் டேப்' நீட்சியில் கிளை கிளையாகப் பக்கவாட்டில் வைத்திருப்பவன். அப்புறம் மேலே அதே டேப்கள் இன்னொரு வரிசையாக எதற்கு? குரோமில் நீட்சியால் அந்த மேல் வரிசையைத் தொட முடியாது. ஃபயர்ஃபாக்ஸில் நீட்சியால் முடியாததை இந்தக் கோப்பு செய்கிறது. 'அபவுட்:சப்போர்ட்' பக்கத்திலிருந்து நம் புரொஃபைல் கோப்புறையை (நம் அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்) திறந்து, அதற்குள் 'குரோம்' என்றே ஒரு கோப்புறை உண்டாக்க வேண்டும். (போட்டியாளரின் பெயரல்ல; உலாவியின் வெளிச் சட்டகத்துக்கு அந்தக் காலத்திலிருந்தே அதுதான் பெயர்.) யூசர்குரோம் கோப்பு அதற்குள் போகும்; அதில் டேப் பட்டையை மறைக்கும் ஒற்றை வரி. 2019இல் வந்த 69ஆம் பதிப்பிலிருந்து இந்தக் கோப்பைத் தானாகப் படிப்பதில்லை. அபவுட்:கான்ஃபிக்கில் 'லெகசியூசர்' என்று தேடி வரும் பதிவையும் 'ட்ரூ' ஆக்கி, உலாவியை மூடித் திறக்க வேண்டும். முதல் முறை நான் எல்லாம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன்: கோப்புப் பெயரின் வாலில் கண்ணுக்குத் தெரியாமல் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொண்டிருந்தது.

இந்தச் சள்ளை வேண்டாம் என்பவருக்கு விவால்டி. ஓபராவின் இணை நிறுவனர் யோன் வான் டெட்ஸ்னர் தொடங்கியது. 2016இல் முதல் பதிப்பு. டேப் பட்டையை இடம், வலம், கீழ் எங்கும் நகர்த்தலாம், டேப்களை அடுக்கலாம், மவுஸ் அசைவுக்கு வேலை கொடுக்கலாம். ஒரு நீட்சியும் வேண்டாம். அமைப்புகள் பக்கம் மளிகைக் கடைப் பட்டியல் போல நீளும் என்பதுதான் அலுப்பு.

கைப்பேசியில் பேச்சே இல்லை. ஆண்ட்ராய்டு குரோம் நீட்சிகளை ஏற்பதில்லை, ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் முழுதாக ஓடும்.

அலுவலகக் கணினியில் குரோமை அப்படியே விட்டிருக்கிறேன். வீட்டில் ஃபயர்ஃபாக்ஸ். அபவுட்:கான்ஃபிக்கில் கைவைப்பவர்கள், மாற்றியவற்றை மட்டும் காட்டும் கட்டத்தை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது கோளாறானால், மாற்றிய வரியின் வலப்பக்கத்தில் இருக்கும் வளைந்த அம்பை அழுத்தினால் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.