சோலென்ட் நீரிணையில் ஐந்து நாள் பாய்மரப் பயிற்சி: காசு கொடுத்துப் போகலாமா?

பாய்மரப் படகு ஓட்டக் கற்க விரும்புகிறவர்களை ஆளரவமற்ற ஏரியில் தொடங்கச் சொல்வது வழக்கம். நான் சோலென்டுக்குப் போகச் சொல்வேன். இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய கடல் அது. சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல், கார் ஏற்றிச் செல்லும் ஃபெரி, பந்தயப் படகு, மீன்பிடி விசைப்படகு என எல்லாமே அதற்குள்தான் போய்வர வேண்டும். ஹாம்பிள் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய பள்ளியில், பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ.வின் ‘காம்பிடன்ட் க்ரூ’ என்ற தொடக்கநிலைப் பயிற்சியில் சேர்ந்தேன். சில குறைகளும் சொல்லப்போவதால் பள்ளியின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இந்தப் பள்ளி மாணவர்களை நெரிசலிலிருந்து ஒதுக்கிக் கொண்டுபோவதில்லை. அதற்குள்ளேயே அழைத்துச் சென்று, நிதானமாக, காரணம் சொல்லிக் கற்றுக்கொடுக்கிறது. கொடுத்த பணத்துக்கு நான் பெற்ற பெரிய லாபம் இதுதான்.

ஹாம்பிள் ஆற்றில் ஆறு நாட் (மணிக்குச் சுமார் 11 கி.மீ.) வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இரு கரையிலும் வரிசை வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகளுக்கு நடுவே எஞ்சினில் மெல்ல ஊர்ந்து வெளியேற வேண்டும். ஹாம்பிளுக்கும் எதிர்க்கரை வார்சாஷுக்கும் ஆள் ஏற்றிப் போகும் இளஞ்சிவப்பு ஓடம் குறுக்கே வரும். பார்க்க அத்தனை அழகு. ஆற்றைத் தாண்டிப் பாயை ஏற்றியதும் எங்கள் பயிற்றுநர் தொடங்கியது கயிற்று முடிச்சில் அல்ல, கண்ணில். படகின் ஓரத்தில் இடைவெளி விட்டு நிற்கும் எஃகுக் கம்பங்களில் ஒன்றைக் காட்டி, “உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாதீர்கள். அந்த ஃபெரி இந்தக் கம்பத்துக்கு முன்னால் நகர்கிறதா, பின்னால் நகர்கிறதா, சொல்லுங்கள்” என்றார். ஃபெரி முன்னே நகர்ந்தால் நமக்கு முன்னால் கடந்துபோகும். பின்னே நகர்ந்தால் நமக்குப் பின்னால். நம் போக்கு மாறாமலிருக்க, கம்பத்தோடு ஒட்டியபடியே அது பெரிதாகிக்கொண்டு வந்தால் மோதப்போகிறோம் என்று பொருள். பிறகு திசைகாட்டியை வைத்து இதையே எண்ணாகப் பார்க்கக் கற்றோம். ஆனால் அந்தக் கம்பம்தான் மனதில் பதிந்தது. மறுநாளே நாங்கள் நால்வரும் கேட்காமலேயே ஒவ்வொரு படகையும் அப்படி அளக்கத் தொடங்கிவிட்டோம்.

விதிகளை ஏட்டில் படிப்பது எளிது. இரண்டு பாய்ப் படகுகள் எதிர்ப்பட்டால், காற்றை இடப்பக்கத்தில் வாங்குவது வலப்பக்கத்தில் வாங்குவதற்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வாங்கினால், காற்று வரும் பக்கம் இருப்பது ஒதுங்க வேண்டும். பொதுவாக எஞ்சின் படகு பாய்க்கு வழிவிடும். ஆனால் குறுகிய கால்வாயை விட்டு நகர முடியாத பெரிய கப்பலுக்கு நாம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. சோலென்டில் இன்னும் கறாரான விதி ஒன்று உண்டு. 150 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல் முக்கியக் கால்வாயில் வரும்போது, அதன் முன்னே 1,000 மீட்டரும் இருபுறம் நூறு நூறு மீட்டரும் நமக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி. கப்பல் நகர நகர அந்தப் பகுதியும் கூடவே நகரும்.

இதன் அருமை, வைட் தீவின் வடகரைத் துறைமுகமான கௌஸுக்கு வெளியே தெரிந்தது. கிழக்கிலிருந்து ஒரு கொள்கலன் கப்பல் வந்துகொண்டிருந்தது. முன்னால் துறைமுகக் காவல் படகு. கப்பல் நேராக மேற்கே போய்விடும் என்றுதான் எவருக்கும் தோன்றும். “அது போகாது. வெஸ்ட் பிராம்பிள் மிதவையில் வலப்பக்கம் திரும்பும், பிறகு கால்ஷாட்டில் இடப்பக்கம். இப்போது அது பார்க்கும் திசையை நம்பாதீர்கள்” என்றார் பயிற்றுநர். வானொலியில் 12-ஆம் அலைவரிசையில் சவுத்தாம்ப்டன் கட்டுப்பாட்டு நிலையத்தோடு கப்பலின் பேச்சு கேட்டது. நாங்கள் ஆழம் குறைந்த பக்கமாக ஒதுங்கி நின்றோம். சொன்ன இடத்தில் சொன்னபடியே அந்த எஃகு மலை திரும்பியது. பக்கத்தில் வாடகைப் படகொன்று அதன் வழியிலேயே மிதந்துகொண்டிருந்தது. ஐந்து குறுகிய ஊதல்கள்: ‘உன் எண்ணம் எனக்குப் புரியவில்லை’ என்று கப்பல் கேட்கும் முறை அது. அந்த ஒலி நெஞ்செலும்பில் அதிர்ந்தது. இப்படிப்பட்ட நீரில் கற்காமல் படகை வாடகைக்கு எடுத்து வருகிறவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. தங்களை மட்டுமல்ல, மற்றவர்களையும் சேர்த்து ஆபத்தில் தள்ளுகிறார்கள்.

அந்தத் திருப்பத்துக்குள் கிடப்பதுதான் பிராம்பிள் மணல்திட்டு. 2008 நவம்பரில் ‘குவீன் எலிசபெத் 2’ கப்பலே தன் கடைசி சவுத்தாம்ப்டன் வருகையின்போது இங்கே தரைதட்டியது. நீர் மிகவும் வற்றும் ஒரு நாளில் இரண்டு படகுச் சங்கங்கள் இதே திட்டில் ஆண்டுதோறும் கிரிக்கெட் ஆடுகின்றன.

நெரிசலைவிட எங்களை அதிகம் ஆட்டிவைத்தது நீரோட்டம். மேற்குக் கோடியில் ஹர்ஸ்ட் கோட்டையருகே கடல் மிகவும் ஒடுங்குகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அங்கே ஓட்டம் நான்கு நாட் வேகத்தைத் தாண்டும். எங்கள் படகு ஐந்து நாட் போனால், ஓட்டத்தோடு ஒன்பது, எதிர்த்தால் ஒன்று. வற்றுநீர் மேற்கே பாயும்போது தென்மேற்குக் காற்று எதிரே அடித்தால், நீடில்ஸ் பாறைகளின் பக்கம் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். படகு ஏறி, விழுந்து, மறுபடி ஏறியது. அதே நீர் திரும்பியபோது கிழக்கு நோக்கிக் காற்றும் ஓட்டமும் ஒன்றாகத் தள்ள, கரையோர வீடுகள் பஸ் ஜன்னலில் போல ஓடின. படகில் ஒருவரும் பேசவில்லை. எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நீரோட்ட அட்டவணையைப் பார்த்துப் புறப்படும் நேரத்தை நாங்களே கணக்கிட்டிருந்தோம். அந்தக் கணக்கு பலித்ததில் வந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை.

வைட் தீவின் யார்மத் துறைமுகத்தில் இடம் பிடிப்பது தனிப் பாடு. மற்றொரு படகின் பக்கத்தில் கட்டி, அதன் பக்கத்தில் இன்னொன்று என அடுக்கிக்கொண்டே போகிறார்கள். வெளியே கட்டியவர்கள் உள்ளே இருப்பவர்களின் படகு வழியாகத்தான் கரையேற வேண்டும். முன்தளம் வழியாக, மெதுவாகக் கடப்பதுதான் மரியாதை. எங்களைத் தாண்டிய ஒரு குழு நள்ளிரவில், ஷூ காலோடு, சத்தமாகப் பேசிக்கொண்டு என் தலைக்கு மேலே நடந்தது. அதற்கு மாற்றாக நியூடவுன் முகத்துவாரத்தைச் சொல்ல வேண்டும். இயற்கையையும் பழம்பெரும் இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் உள்ள இடம். கடையோ விளக்கோ இல்லை. நங்கூரம் போட்டதும் சங்கிலி ஓய்ந்தது, சேற்றுக்கரைப் பறவைகளின் குரல் மட்டும் மிஞ்சியது. வாரநாளில் போனதால் இடம் கிடைத்தது.

இனி குறைகள். ‘அனைத்தும் உட்பட’ என்று விளம்பரம் சொன்னது. கடைசி நாளில் துறைமுகக் கட்டணத்தையும் டீசலையும் எங்களிடையே பிரித்து வசூலித்தார்கள். தொகை பெரிதல்ல, சொல்லாமல் விட்டதுதான் தவறு. இரவல் தந்த மழையங்கி தையல்களில் நனைந்தது. முன்னறைப் படுக்கை ஈரமாகவே இருந்தது. அலுவலகத்தில் சொன்னபோது சிரித்து மழுப்பினார்கள். ஆனால் உயிர்காப்பு அங்கிகளில் சமரசமே இல்லை. ஒவ்வொன்றையும் ஊதவைக்கும் வாயு உருளையை எங்களையே கழற்றச் செய்து, துரு இருக்கிறதா, துளை விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுபடி பூட்டச் சொன்னார் பயிற்றுநர்.

போக விரும்புகிறவர்கள் மே அல்லது செப்டம்பரில், வாரநாட்களில் பதிவு செய்யுங்கள். ஆகஸ்டில் கௌஸ் வாரப் பந்தயங்கள் நடக்கும் நாட்களைத் தவிருங்கள். 1826 முதல் நடக்கும் திருவிழா அது, தொடக்கநிலை மாணவருக்கு ஏற்ற கூட்டமல்ல. பணம் கட்டும் முன் துறைமுகக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழையங்கி சொந்தமாகக் கொண்டுபோங்கள். அடுத்த நிலையான ‘டே ஸ்கிப்பர்’ பயிற்சிக்கும் இதே பள்ளியில்தான் சேரப்போகிறேன், இதே பயிற்றுநர் கிடைத்தால்.