வயிற்று நீரில் சிறுநீர் ஸ்ட்ரிப்: 'உண்டு' என்றால் கேளுங்கள், 'இல்லை' என்றால் நம்பாதீர்கள்

சிறுநீர் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் வெள்ளை அணுக்களுக்கென்று ஒரு சதுரம் உண்டு. கல்லீரல் சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கித் தழும்பேறும் நோய்) நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்த நீரில் அதை நனைத்தால், கிருமித் தொற்று இருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் ஒரு குறிப்பு கிடைக்கும். ஏற்கெனவே ஒருமுறை இந்தத் தொற்று வந்தவருக்கு 'திரும்ப வருமா' என்று பார்க்கவும் சிலர் இதை நம்புகிறார்கள். முதல் வேலையில் பாதி மதிப்பெண். இரண்டாவதில் பூஜ்யம்.

பயன்படுத்தும் வரிசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீர் எடுத்ததும் முதலில் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. மூடியைத் துடைத்து, புது ஊசி மாற்றி, கட்டிலருகிலேயே இரத்தக் கல்ச்சர் பாட்டில்களில் பாட்டிலுக்கு 10 மி.லி. அடுத்தது அணு எண்ணிக்கைக்கு, உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாய். வெறும் குழாயில் அனுப்பினால் நீர் உறைந்து எண்ணிக்கை குறையலாம். மிச்சத்தில்தான் ஸ்ட்ரிப். நனைத்து, விளிம்பைக் குழாயின் வாயில் தட்டி, கடிகாரம் பார்த்து 2 நிமிடம். அவசரப்பட்டு முன்பே பார்த்தால் வெளிர்ந்தே இருக்கும், பிறகு ஊதா ஏறும். மறந்துபோய் வெகுநேரம் கழித்துப் பார்த்த நிறம் கணக்கில் சேராது. மஞ்சள் காமாலை முற்றியவரின் நீரே ஆரஞ்சாக இருக்கும். ஊதாவோடு அது கலந்து சேற்று நிறமாகிவிடும். அப்போது நிறத்தைப் பார்த்தவர் சொல்வது ஊகம்தான். பாட்டில் மூடியைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறி, நனைக்கும் முன்பே சதுரம் நிறம் மாறும்.

இது தவறுவதற்கான காரணம் வண்ண அட்டையிலேயே இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப்புகளில் வெள்ளை அணுக்களுக்கான படிகள் 15, 70, 125, 500. வயிற்று நீரில் தொற்று என்று முடிவு செய்யும் எல்லையோ ஒரு கன மில்லிமீட்டருக்கு 250 நியூட்ரோஃபில் (கிருமியோடு போராடும் ஒரு வகை வெள்ளை அணு). அந்த எண்ணுக்குப் படியே இல்லை! 300 அணுக்களோடு தொடங்கும் தொற்று, பார்ப்பவர் கண்ணுக்கு 'லேசான நிறம்' என்று நழுவிவிடும். பிரான்ஸில் மல்டிஸ்டிக்ஸ் 8 எஸ்ஜி ஸ்ட்ரிப்பை வைத்து 2,123 முறை சோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று இருந்தவற்றில் 45.3% மட்டுமே பிடிபட்டது. தொற்று இல்லாதவற்றில் 99.2%-ஐச் சரியாக 'இல்லை' என்றது. அதாவது ஸ்ட்ரிப் பொய்யாகக் கூவுவது அபூர்வம். வாய்மூடி இருப்பதுதான் அதன் நோய். காசநோயால் சேர்ந்த நீரில் லிம்போசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களே அதிகம், அவற்றில் ஸ்ட்ரிப் தேடும் எஸ்டரேஸ் நொதி இல்லாததால் அங்கேயும் மௌனம். ஊசி குத்தி இரத்தம் கலந்துவிட்டால், 250 சிவப்பணுவுக்கு 1 நியூட்ரோஃபில் என்று எண்ணிக்கையில் கழிப்பார்கள். ஸ்ட்ரிப்பில் எதைக் கழிப்பது?

வயிற்று நீருக்கென்றே அளவு திருத்திய பெரிஸ்கிரீன் ஸ்ட்ரிப்பும் உண்டு. சிறுநீர் ஸ்ட்ரிப்பைவிட அதிகம் பிடிக்கும், வீண் எச்சரிக்கையும் அதிகம் தரும்.

இனி 'திரும்ப வருமா' என்ற கேள்வி. தடுப்பு மருந்து இல்லாவிட்டால், ஒருமுறை வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு ஓராண்டுக்குள் திரும்புகிறது. 1990-இல் வெளியான ஆய்வில் தினம் 400 மி.கி. நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இதை 68%-இலிருந்து 20%-ஆகக் குறைத்தது. ஆக, முன்பு வந்ததே பெரிய முன்னறிவிப்பு. அடுத்தது வயிற்று நீரின் புரதம்: டெசிலிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே போனால், கிருமியைப் பிடித்துக்கொடுக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் அந்த நீரில் குறைவு என்று பொருள். இரத்தத்தில் பிலிருபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) ஏறியிருப்பதும், தேவையில்லாமல் தொடரும் அமிலக் குறைப்பு மாத்திரையும் கவனிக்க வேண்டியவை.

'அதே ஸ்ட்ரிப்பில் புரதச் சதுரமும் இருக்கிறதே' என்று கேட்கலாம். அதன் மேல்படிகள் 300 மி.கி., அடுத்தது 2,000 மி.கி. நமக்கு வேண்டிய 1,000 மி.கி. (1 கிராம்) அங்கும் இடைவெளியில் விழுகிறது. ஒரே அட்டையில் இரண்டு முக்கிய எண்ணுக்கும் படி இல்லை. சிறுநீருக்காகச் செய்த பொருள், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. புரதத்துக்கு ஆய்வகக் குழாய் ஒன்று தனியாக அனுப்புங்கள்.

சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்கவும் இது உதவாது. 48 மணி நேரத்தில் நியூட்ரோஃபில் குறைந்தது 25% இறங்க வேண்டும். 3,000 அணுவும் 1,500 அணுவும் ஸ்ட்ரிப்பில் ஒரே அடர் ஊதா.

நடுராத்திரி, ஆய்வக எண்ணிக்கை வரக் காலையாகும் என்ற நிலைக்காக ஸ்ட்ரிப்பை வாங்கி வைக்கலாம். ஊதா வந்தால் எண்ணிக்கைக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக்கைத் தொடங்கக் காரணம் கிடைக்கிறது. வராவிட்டால், காய்ச்சலோ வயிற்று வலியோ புதிதாகக் குழப்பமோ கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவு) ஏற்றமோ உள்ள நோயாளியிடம் அந்தச் சதுரத்தைப் பார்க்காததுபோலவே நடந்துகொள்ளுங்கள்.