சட்ட மாணவர் பயிற்சி: ராம்நாடு கோர்ட்டா, சட்ட உதவியா, மதுரைக் கிளையா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சட்ட மாணவர்கள் ஒவ்வொருவராகப் போன் போடுவார்கள். "அண்ணே, இந்த வருசம் இன்டர்ன்ஷிப்புக்கு எங்க போகலாம்?" ராமநாதபுரத்துக்கு 2017இல் அரசு சட்டக் கல்லூரி வந்த பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி என்று கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள். பலருக்குக் குடும்பத்தில் இவர்கள்தான் முதல் வக்கீல். நானும் அப்படி வந்தவன்தான். படிக்கிற காலத்தில் மாவட்ட நீதிமன்ற வக்கீல் அலுவலகம், சட்ட உதவி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆகிய மூன்று இடத்திலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்றும் எதைக் கற்றுத்தருகின்றன, எதைத் தராது என்று சொல்கிறேன்.

முதலில் விதி. பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வக்கீலிடமும் மேல்முறையீட்டு வக்கீலிடமும் இருந்திருக்க வேண்டும். ஆக, ஒரே இடத்தில் கடைசிவரை இருந்துவிட முடியாது. எதை முதலில் வைப்பது, எங்கே அதிக நாள் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் கடற்கரையில் அடிக்கடி வரும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கடல் அட்டை, அதாவது கடலடியில் ஊர்ந்து வாழும் ஓர் உயிரினம். 2001இல் இதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதிலிருந்து அதைப் பிடித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். மூட்டையோடு ஒருவரைப் பிடித்துக் கொண்டுவந்து நடுவர் முன்னால் நிறுத்துகிறார்கள் என்று வையுங்கள்.

சட்ட உதவியில் இருக்கும் மாணவர் அந்த ஆளை முதல் நாளே பார்க்கிறார். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கும் அப்படித்தான். 2022இல் தொடங்கிய சட்ட உதவி எதிர்வாதி வக்கீல் முறையில், கிரிமினல் வழக்குகளுக்கென்றே முழுநேர வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களோடு போனால் பயத்தில் வாய் குழறுகிற மனிதரிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது, எதை முதலில் கேட்பது, எதை அப்புறம் கேட்பது என்று பார்க்கலாம். வீட்டுக்குத் தகவல் போச்சா, அடித்தார்களா, மருந்து ஏதும் சாப்பிடுகிறாரா, ஜாமீன் நிற்க யார் இருக்கிறார்கள். இந்த நான்கு கேள்வியும் எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.

வழக்கு விசாரணைக்கு வரும்போது அதைத் தொடர்ந்து பார்ப்பது வக்கீல் அலுவலகத்து மாணவர். நான் பார்த்த ஒரு குறுக்கு விசாரணை இன்னும் கண்ணில் நிற்கிறது. மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியபோது எழுதும் பதிவில், இத்தனை கிலோ கடல் அட்டை என்று எழுதியிருந்தது. சீனியர் எழுந்து சாட்சியிடம் கேட்டது ஒன்றுதான்: "எடை போட்டப்ப அது பச்சையா, அவிச்சதா, காஞ்சதா?" சாட்சி கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். மகஜரில் அது இல்லை. அவித்துக் காயவைத்தால் எடை எவ்வளவு இறங்கும் என்று கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்தான். ஆனால் அது கோர்ட்டில் கேட்கவேண்டிய கேள்வி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வனத்துறை வழக்குக்குப் போலீஸ் குற்றப்பத்திரிகை கிடையாது, அதிகாரி கோர்ட்டில் கொடுக்கும் புகாரில்தான் வழக்கு தொடங்கும் என்பதையும் அந்தக் கட்டைப் பிரித்துப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதே ஆளின் ஜாமீன் மனு செஷன்ஸ் கோர்ட்டில் தள்ளுபடியானால் மதுரைக்குப் போகும். அங்கே இருக்கும் மாணவர் கையில் கிடைப்பது தட்டச்சு செய்து தைத்த ஒரு தாள் கட்டு. ஆளைப் பார்க்க முடியாது, மூட்டையைப் பார்க்க முடியாது. பழைய தீர்ப்புகளைத் தேடி, பொருந்துவதைப் பொறுக்கி, இரண்டு பக்கத்தில் குறிப்பு எழுதித்தர வேண்டும். கோர்ட்டில் அந்த மனு சில நிமிடத்தில் முடிந்துவிடலாம். அந்தச் சில நிமிடத்துக்குள் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்வைப் பார்ப்பதற்கு உயர் நீதிமன்றம்தான் சரியான இடம். மறுக்கவே மாட்டேன்.

இருந்தாலும் முதல் நான்கு வாரத்துக்கு என் ஓட்டு உள்ளூர் வக்கீல் அலுவலகத்துக்குத்தான். அதிலும் கோர்ட் நேரத்தைவிட, சாயங்காலம் ஆறு மணிக்குமேல் கட்சிக்காரர்கள், அதாவது வழக்குக்காக வக்கீலைத் தேடி வருபவர்கள், வரும் நேரத்துக்கு.

ஒரு சாயங்காலம் ஒரு அக்கா வந்தார். புருசன் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டது. கையில் ஒரு ரேஷன் கார்டு, ஒரு போட்டோ. நடந்ததையெல்லாம் அழுகையோடு சொன்னார். சீனியர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "என்னம்மா, கிளம்பின அன்னைக்கு வாங்கின டோக்கன் யாருகிட்ட இருக்கு?" என்றார். கடலுக்குப் போகுமுன் மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டுதான் டோக்கன். எந்தப் படகு, எந்த நாள் போனது என்பதற்கு அதுதான் கரையில் இருக்கும் அத்தாட்சி. "படகுக்காரர்ட்ட இருக்கும் சார்." "நாளைக்கு அதோட நகலும் படகோட பதிவுச் சான்று நகலும் கொண்டாங்க." என்னை மனு எழுதச் சொன்னார். ஆட்சியருக்கு ஒன்று, மீன்வளத்துறைக்கு ஒன்று. சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் தினசரி உதவித்தொகையையும் கேட்டு. நான் மூன்று பக்கம் எழுதினேன். சீனியர் முக்கால் பக்கமாக வெட்டினார். முதல் வரியில் படகின் பதிவு எண், இரண்டாவது வரியில் தேதி. அடித்துத் திருத்திய அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மொழியும் ஒரு காரணம். உயர் நீதிமன்றத்தில் மனுவும் வாதமும் ஆங்கிலம். கீழ் நீதிமன்றங்களில் தமிழ். சாட்சி தமிழில் சொல்வது தமிழிலேயே பதிவாகும். "தென்வடல் இத்தனை அடி, கிழமேல் இத்தனை அடி" என்று நான்கெல்லை சொல்லும் பழைய கிரையப் பத்திரத்தைப் படித்து, பனந்தோப்பு எங்கே முடிகிறது என்று தாளில் வரைந்து பார்க்கும் வேலை மதுரையில் மாணவருக்குக் கிடைப்பது அரிது.

குறையையும் சொல்ல வேண்டும். உள்ளூர் அலுவலகம் என்றாலே கற்றுத்தருவார்கள் என்று இல்லை. நான் போன ஓர் அலுவலகத்தில் நான்கு வாரமும் கேஸ் கட்டு தூக்கினேன், வாய்தா தேதி எழுதினேன், கடைசி நாளில் டைரியில் கையெழுத்து விழுந்தது. ஒரு பிராதுகூட (வழக்கு தொடுக்கும் மனு) படிக்கத் தரவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. அதனால் சேருமுன்பே இரண்டு விஷயம் கேட்டுவிடுங்கள்: முடிந்துபோன ஒரு கேஸ் கட்டை முதலிலிருந்து கடைசிவரை படிக்க விடுவீர்களா, கட்சிக்காரர் பேசும்போது பக்கத்தில் உட்காரலாமா. இரண்டாவதுக்கு 'ஆமாம்' கிடைத்தால் கல்லூரித் தாளுக்கும் உதவும். மாதிரி நீதிமன்றத் தாளில் இரண்டு கட்சிக்காரர் நேர்காணலையும், ஒரு சிவில் ஒரு கிரிமினல் விசாரணையையும் பார்த்து எழுதுவதற்கு மதிப்பெண் இருக்கிறது. அப்புறம், குமாஸ்தாவோடு பழகுங்கள். தாக்கல் செய்த மனு ஏன் திரும்பி வந்தது, நகல் மனு எங்கே போடுவது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

சட்ட உதவியின் குறை வேறு மாதிரி. விழிப்புணர்வு முகாம், துண்டுப் பிரசுரம், குழுப் படம் என்று நான்கு வாரமும் ஓடிவிடலாம். மக்கள் நீதிமன்ற நாளில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் எப்படிப் பேசி முடிகின்றன என்று ஒரு முழு நாள் உட்கார்ந்து பாருங்கள். அந்த உத்தரவின்மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணம் திரும்ப வரும். எதிராளி ஏன் இறங்கிவந்தார் என்று அங்கே புரியும். மாணவராக இருக்கும்போதே சட்டத் தன்னார்வலராகச் சேரவும் வழி உண்டு. இது நான்கு வாரத்தோடு முடியாது என்பதே இதன் பலம்.

மதுரைக்குப் பணம் வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். தினம் பஸ்ஸில் போய்வந்தால் மூன்றாம் நாள் உடம்பு சொல்லிவிடும். ஒத்தக்கடைப் பக்கம் அறை எடுத்தால் வாடகையும் சாப்பாடும் வீட்டுக்குப் பாரம். அதனால் அதைக் கடைசி இரண்டு ஆண்டுக்குத் தள்ளுங்கள். ரிட் என்றால் என்ன என்று படித்த பிறகு போனால் போட்ட காசுக்குப் பலன் இருக்கும். மண்டபம் இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமில் பிறந்தவர்களின் குடியுரிமைக் கேள்வி போன்றவை அங்கேதான் வருகின்றன. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்ற ஒரு வரியின்மேல் எவ்வளவு வாதம் எழும் என்று அங்கே பார்க்கலாம்.

தொண்டு நிறுவனங்களும் மீனவர் சங்கங்களும் நல்ல இடம்தான். ஆனால் தொண்டு நிறுவனம் என்றால் விதிப்படி கணக்கில் வரும், சங்கம் என்றால் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மே மாதம் போவதாக இருந்தால் ஒன்று. சிவில் கோர்ட்டுகளுக்கு அப்போது கோடை விடுமுறை. நடுவர் நீதிமன்றம் நடக்கும், சட்ட உதவி அலுவலகம் திறந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வருசம் முழுக்கத் தள்ளிப்போட்ட பாகப்பிரிவினை, கடன், பட்டா எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வக்கீலைத் தேடி வருவார்கள். பகலில் நடுவர் நீதிமன்றம், சாயங்காலம் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவில் விசாரணை பார்க்க ஜூன் மாதம் கோர்ட் திறந்ததும், கல்லூரி தொடங்குமுன் கிடைக்கிற நாட்களில் மறுபடி போய்வாருங்கள்.