பவளத் தொட்டிக்கு எல்இடி விளக்கு: நீண்ட காலப் பயன்பாட்டில் நான் கண்டது

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு விளக்கு வாங்குகிறவர்கள் முதலில் எத்தனை வாட் என்று கேட்பார்கள், அடுத்து எந்த பிராண்ட் என்று. பல வருடங்கள் எல்இடியின் கீழ் பவளம் வளர்த்த பிறகு நான் முதலில் பார்ப்பது வேறொன்றை: வெளிச்சம் தொட்டி முழுக்க எவ்வளவு சீராகப் பரவுகிறது? முதல் வருடத்தில் இது பெரிதாகத் தெரியாது. பவளம் விரல் அளவுத் துண்டாக இருக்கும்வரை ஓரளவு நல்ல எல்இடி எதுவும் வளர்த்துவிடும். அது கையகலத்துக்கு விரிந்து, தன் அடிக்கிளைகள் மேல் தானே நிழல் போடத் தொடங்கும்போதுதான் விளக்கின் குணம் தெரியவரும்.

என் தொட்டி சிங்கப்பூரில், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் இருக்கிறது. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். முன்பு அதன் மேல் நான்கு 39 வாட் டி5 டியூப்கள் (மெல்லிய டியூப்லைட்டுகள்) எரிந்தன. அந்த இடத்தில் இப்போது இரண்டு நடுத்தர விலை எல்இடி விளக்குகள். ஒவ்வொன்றும் அதிகபட்சம் 55 வாட். நடுவில் நெருக்கமாக எல்இடி சில்லுகள், அவற்றின் மேல் லென்ஸ், உள்ளே ஒரு விசிறி.

மாறியதற்கு முதல் காரணம் சூடு. இங்கே அறை வெப்பம் 30 டிகிரிக்குப் போகும். தொட்டி நீரோ 25, 26-இல் நிற்க வேண்டும். டியூப்களின் சூடும் சேர்ந்தால், நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓய்வில்லாமல் ஓடும். இரண்டாவது காரணம் மின்கட்டணம். நான்கு டியூப்களும் சேர்ந்து 156 வாட், பத்து மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல். எல்இடி காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்குவதால் முக்கால் யூனிட்டில் முடிந்துவிடுகிறது. யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் மாதம் ஏழு சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். சில்லர் குறைவாக ஓடுவதும், வருடா வருடம் டியூப் மாற்றாமல் விட்டதும்தான் இதைவிடப் பெரிய மிச்சம்.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். பவளத்தின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தைக் கொண்டு அது தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. கடல்நீர் சிவப்பை முதலில் உறிஞ்சிவிடும், ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலம். அதனால்தான் பவளத் தொட்டி விளக்குகளில் 420 முதல் 480 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல எல்இடிகள் நிறைந்திருக்கின்றன. பிரகாசமான நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அது வெள்ளை எல்இடி பல்புக்கு வழிவிட்டதற்கான பரிசு. ஆனால் வீட்டில் பவளம் வளர்ப்பவர்களும் அந்த மூவருக்கும் கடமைப்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த நீலத்தில் ஒரு சிக்கல் உண்டு. பகலில் நம் கண்ணுக்கு 555 நானோமீட்டரை ஒட்டிய பச்சைதான் அதிகப் பிரகாசமாகத் தெரியும், 450-இல் உள்ள நீலம் மங்கலாகத் தெரியும். அதனால் நீலம் மட்டும் எரியும் தொட்டி நமக்கு அரையிருட்டாகத் தோன்றும்போதே பவளத்துக்கு வெயில் உறைத்துக்கொண்டிருக்கலாம். லக்ஸ் மீட்டரும் கண்ணின் கணக்கில் செய்யப்பட்டதுதான், இங்கே அதை நம்ப முடியாது. 400 முதல் 700 நானோமீட்டருக்குள் வரும் ஒளித்துகள்களை எண்ணிச் சொல்லும் பார் மீட்டர்தான் தேவை. அப்போஜி நிறுவனத்தின் எம்கியூ-510 தண்ணீருக்குள் அளப்பதற்கென்றே செய்யப்பட்டது. விலை அதிகம். பவளம் வளர்க்கும் நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்ல வழி.

அந்த மீட்டரில் மென்பவளங்களுக்கும் காளான் பவளங்களுக்கும் 50 முதல் 100 வரை போதும். டார்ச், ஹாமர் போன்ற எல்பிஎஸ் (பெரிய பாலிப் கொண்ட கல்பவளம்) வகைக்கு 100 முதல் 150. அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் (சிறிய பாலிப் கொண்ட கல்பவளம்) வகைக்கு 200 முதல் 350. இவை வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவுகள், சட்டம் ஒன்றும் இல்லை. என் தொட்டியில் ஒரு டார்ச் 80-இலேயே நன்றாக விரிந்து நிற்கிறது.

வெளிச்சம் குறைந்தால் பவளம் பழுப்பாகும், திடீரென்று கூடினால் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். பழுப்பானதை மீட்டுவிடலாம், வெளுத்ததை மீட்பது கஷ்டம். எனவே புது விளக்கை முழுப் பிரகாசத்தில் எரியவிடவே கூடாது. டி5-இலிருந்து மாறியபோது 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஏற்றினேன். ஒன்றுகூட வெளுக்கவில்லை.

நிழல் பிரச்சினை அப்புறம்தான் வந்தது. நடுப்பாறை மேல் இருந்த அக்ரோபோரா நன்றாகக் கிளைத்து அகன்றது. மேல்நுனிகள் பளிச்சென்று இருந்தன, அடிக்கிளைகளிலோ திசு விலகி வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தது, பின்பு அதில் பாசி படிந்தது. நீரில் காரத்தன்மை 8 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி., நீரோட்டமும் பழையபடியே, எனவே குறை நீரில் இல்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் மேல்நுனியில் 300, அரை சாண் கீழே கிளைகளுக்கு நடுவில் முப்பத்துச் சொச்சம். இதே பவளம் டி5 காலத்தில் அடிவரை நிறத்தோடு இருந்தது. டார்ச் லைட் அடிப்பதற்கும் டியூப்லைட் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. டியூப் நீளம் முழுக்க எரிவதால் பல கோணங்களிலிருந்து வெளிச்சம் உள்ளே நுழையும். சில்லுகளை ஓரிடத்தில் குவித்த எல்இடியிலிருந்து அது ஒரே திசையில் இறங்கும்.

மூன்று காரியம் செய்தேன். விளக்குகளை நீர்மட்டத்திலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருந்து 30-க்கு ஏற்றி, பிரகாசத்தைக் கொஞ்சம் கூட்டினேன். லென்ஸுக்குக் கீழே, வெளிச்சத்தைச் சிதறவிடும் ஒரு டிஃப்யூசர் தகடு வைத்தேன். முன்கண்ணாடிக்கு மேலாக ஒரு மெல்லிய நீல எல்இடி பட்டையைப் பின்பக்கம் சாய்த்து மாட்டினேன். முப்பத்துச் சொச்சம் இருந்த இடம் எழுபதுக்கு வந்தது. செத்த பாகம் திரும்பவில்லை, ஆனால் திசு அதற்குமேல் விலகாமல் நின்று, ஓரத்திலிருந்து மெல்ல மூடிக்கொண்டு வருகிறது. அதிக பலன் தந்தது அந்த முன்பட்டைதான், செலவும் அதற்குத்தான் குறைவு.

இதில் இழப்பும் உண்டு. குவிந்த விளக்கின் கீழ் நீர் அலையும்போது மணலில் ஒளிக்கோடுகள் ஓடும், ஆழமில்லாத கடலில் முகம் புதைத்துப் பார்ப்பது போலவே இருக்கும். டிஃப்யூசர் வைத்ததும் அது பாதியாகிவிட்டது. அந்த அழகுக்காகவே கெசில் என்ற பிராண்ட் போன்ற ஒற்றைக் குவிய விளக்கை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பவளத் தொட்டிக்கு அது நல்ல தேர்வு. அடர்ந்த எஸ்பிஎஸ் தொட்டிக்கு அகலத் தகடு விளக்கையோ, டி5-உம் எல்இடியும் கலந்த அமைப்பையோ சொல்வேன்.

பராமரிப்பில் முதல் எதிரி உப்பு. லென்ஸில் படியும் உப்புப் படலம் கண்ணுக்கே தெரியாமல் வெளிச்சத்தைத் தின்னும். வாரம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஆர்ஓ நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். எல்இடி 50,000 மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், தினம் பத்து மணி நேரம் என்றால் பதிமூன்று வருடத்துக்கு மேல். என் அனுபவத்தில் முதலில் கெடுவது விசிறி. உதிரி விசிறி தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். விளக்கின் கைபேசிச் செயலியில் வரும் மின்னல், மேகம் போன்ற ஒளி விளையாட்டெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. காலை, மாலை ஏற்ற இறக்கம் மட்டும் ஒழுங்காக வேலை செய்தால் சரி.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். எல்லாக் கல்பவளங்களும் 2001-இலிருந்து இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த துண்டு என்று யாராவது கொடுத்தால் தொடவே வேண்டாம். அங்கே சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியே பாறைகள் எவ்வளவோ அழிந்துவிட்டன.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் இந்த 90 செ.மீ. தொட்டிக்கு சக்தி வாய்ந்த ஒன்றைவிட சுமாரான இரண்டையே எடுப்பேன், முன்பட்டையையும் முதல் நாளே மாட்டிவிடுவேன். பழைய விளக்கு வாங்கவும் தயங்க மாட்டேன். ஆனால் முழுப் பிரகாசத்தில் அரை மணி நேரம் எரியவிட்டு விசிறிச் சத்தத்தைக் கேட்டு, சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்கின் இடுக்குகளில் உப்பு அரித்திருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொரு வண்ணத்தையும் தனித்தனியாகப் போட்டு எல்லாச் சில்லும் எரிகிறதா என்று எண்ணிய பிறகுதான் பணம் கொடுப்பேன்.